கழுத்துவலிக்கு இல்லை

தொம்மலூர், பெங்களூர்
8 பிப்ரவரி 1998

அன்புள்ள சுப்புவுக்கு மன்னியின் ஆசீர்வாதம். கடிதத்தைப் படித்து முடித்தபிறகும் ஆசீர்வாதம் வேண்டுமென்றால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு. டொராண்டோ குளிர் உனக்கும் உன் ஆத்துக்காரருக்கும் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் உன் அண்ணா டெலிபோனில் சொல்லியிருப்பார். போன் ஹாலில் இருக்கிறது. அவரும் ஹாலில்தான் இருக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

ரேடியேஷன் என்கிற கரண்டு வைத்து முடித்து மூன்று மாதம் ஆகிறது. கர்ப்பப்பை வாயில் உட்கார்ந்திருந்த கான்சர் சனியன் செத்துவிட்டது என்கிறார்கள். நான் சாகவில்லை. இளைத்ததில் கல்யாணத்துக்குத் தைத்த பிளவுஸ் இப்போது தாராளமாக நுழைகிறது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் துணி காயப்போட்ட மூங்கில் மாதிரி இருக்கிறேன்.

உன் அண்ணா தங்கம். காபி போடுகிறார். மாத்திரைகளைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைக்கிறார், விதான சௌதாவில் ஃபைல் பிரித்த அதே சிரத்தையோடு. மாடிவீட்டுச் சந்திரம்மா, "உங்க யஜமானரு தேவரு மாதிரி கண்ரீ" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அவள் யஜமானரைத் திட்டுகிறாள். தெய்வம்தான். தெய்வம் தள்ளி நின்றுதானே அருள் செய்யும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பரிசோதனையில் டாக்டர் கருவியை வைத்துப் பார்க்க முடியவில்லை. நான் போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்களாம். கரண்டு வைத்த இடம் தழும்பாகிச் சுருங்குகிறது. விட்டால் ஒட்டி மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால், வியாதி திரும்பி வந்திருக்கிறதா என்று உள்ளே பார்க்க வழியே இருக்காது. செப்டம்பரில் பெரிய பரிசோதனை. அதற்குள் வழி திறந்திருக்க வேண்டும். டாக்டர் உன் அண்ணாவை உள்ளே அழைத்து, இனிமேல் சகஜமாகத் தாம்பத்தியம் பண்ணலாம், இதற்கு அதுவே நல்ல வைத்தியம் என்று இங்கிலீஷில் சொன்னார். உன் அண்ணா "நோட்டட்" என்றார்.

கரண்டு வார்டில் நர்ஸாக இருக்கும் மௌரீன் எனக்குச் சிநேகிதியாகிவிட்டாள். உங்கள் ஊர் மாதிரி இடங்களில் இதற்கென்றே சாமான் விற்கிறார்கள் என்கிறாள். விசாரித்து எழுது. பதிலை ஜோகுபாளையத்தில் மௌரீன் விலாசத்துக்குப் போடு, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நம் வீட்டுக்கு வரும் தபாலை உன் அண்ணா கத்தரிக்கோலால் பிரித்து, படித்து, மூலையில் தேதி போட்டபிறகுதான் எனக்குத் தருவார்.

ஸ்னேஹா ஹாஸ்டலில் சுகம். அம்மாவுக்கு என்ன என்று அவளிடம் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கோமளம்

*

டொராண்டோ
3 மார்ச் 1998

மன்னிக்கு சுப்பு அநேக நமஸ்காரம். மௌரீன் விலாசத்தை இவர் பார்த்துவிட்டு யாரது என்றார், உனக்கு வைத்தியம் பார்த்த நர்ஸுக்கு நன்றிக் கடிதம் என்றேன். நல்ல குணம் உனக்கு என்றார். உடம்பு தேறிவருகிறதா? நெய் சேர்த்துக்கொள், ஒத்துக்கொண்டால்.

இங்கே ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி மூலமாகக் கேட்டேன். கரண்டு வைத்துக்கொண்டவர்களுக்கு அவர்களே கொடுத்தனுப்புகிறார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு செட், சின்னதிலிருந்து பெரிதுவரை. டாக்டர் சொல்லுகிறபடி வைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமாம். யாராவது பெங்களூர் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். வைத்தியச் சாமான், இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. டாக்டர் அண்ணாவிடமே சொல்லியிருக்கிறார் என்கிறாய். பிறகு இது எதற்கு?

இங்கே பனி முழங்கால்வரை. உன் கையால் ரசம் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது.

சுப்பு

*

தொம்மலூர்
26 மார்ச் 1998

சுப்புவுக்கு ஆசீர்வாதம். பனியில் வழுக்கி விழாதே. இங்கே யுகாதி வருகிறது. சந்திரம்மா ஒப்பட்டு என்று போளி கொண்டுவருவதாக மிரட்டியிருக்கிறாள். அவள் ஒப்பட்டைக் கடிக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

வெள்ளைப் பிளாஸ்டிக் வேண்டாம். மௌரீன் வார்டிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்திருக்கிறாள். ஒரு நுனி மூடியிருக்கும், கட்டைவிரல் பருமன். உன் அண்ணா மார்க்கெட்டுக்குப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு படுத்துப் பார்க்கிறேன். சில்லென்று இருக்கிறது. ரத்தம் வருகிறது. அதை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தால் திரும்பவும் வார்டில் கிடப்பதுபோல் இருக்கிறது. பயத்தில் உடம்பு இன்னும் இறுகுகிறது. நான் இறுக, அது வலிக்க, அது வலிக்க, நான் இறுக. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

சுப்பு, நான் கேட்டது அந்தச் சாமான் இல்லை. மற்றது. சந்தோஷத்துக்கென்று பெண்கள் வாங்கிக்கொள்வது. பாட்டரி போட்டது, அதிரும் என்கிறாள் மௌரீன். நான் எழுதிவிட்டேன், நீ படித்துவிட்டாய், இனிமேல் இரண்டு பேரும் முகத்தை மூடிக்கொள்ளலாம்.

ஸ்னேஹா ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்தபிறகு எனக்கு நல்ல காலம் ஒன்று இருந்தது. நான் குண்டு, எனக்கு முன்பல் எடுப்பு, உங்கள் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போய், சமையலாவது தெரிகிறதே என்றீர்கள். அந்த நான்தான். அந்தக் காலத்தில் மத்தியான வேளையில் நான் தனியாகச் சமையலறையில் சிரித்துக்கொண்டிருப்பேன். அதெல்லாம் உடம்புக்கு மறந்துபோகிறது. ஒரு வருஷமாக அந்த இடத்துக்கு வந்ததெல்லாம் வைத்தியம்தான், ஒரு தடவையாவது விருந்தாளி வரட்டுமே. மருந்து என்று கேட்டால் எல்லோரும் தருவீர்கள். மருந்து இல்லை என்று சொல்லிக் கேட்கிறேன்.

எது, என்ன அளவு, எனக்குத் தெரியாது. இந்த ஊரில் கேட்க ஆளும் இல்லை. என்னைவிட உயரமானதாக இல்லாமல் பார்த்துக்கொள்.

கோமளம்

*

டொராண்டோ
20 ஏப்ரல் 1998

கோமளம் மன்னிக்கு.

உங்கள் கடிதம் கிடைத்தது. வைத்தியத்துக்கு என்று நினைத்து விசாரித்தேன். மற்றதற்கு என்னால் கடை ஏற முடியாது. நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. உங்களுக்கு எழுத எவ்வளவோ இருக்கலாம். ஆனால் நான் உங்கள் சிநேகிதி மட்டும் இல்லை, அவருடைய தங்கை. எந்தத் தங்கையிடமும் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். எல்லோருக்கும் என் விசாரிப்பு.

சுப்புலக்ஷ்மி

*

தொம்மலூர்
9 மே 1998

சுப்புவுக்கு, வாங்கிக்கொள்வாயானால் என் ஆசீர்வாதம்.

‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறாய். உன் அண்ணாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த முதல் நாளே ‘மன்னி, உன் புடவையைத் தா’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனவள் நீ. மரியாதை கொடுத்து இவ்வளவு தூரம் தள்ளிவைக்கலாம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கோபம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் கடிதத்தை ஊதுவத்தி காட்டி எரித்திருப்பேன். நான் கேட்டதை மறந்துவிடு.

வேறு சேதி எழுதுகிறேன். வெயில் கொளுத்துகிறது. தொம்மலூரில் ஏரிப் பக்கம் எல்லாம் ஆபீஸ் கட்டுகிறார்கள், புழுதி தாங்கவில்லை. சந்திரம்மாவின் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வந்திருக்கிறான். நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், பெண்ணைப் பார்க்கவில்லை. உன் அண்ணா ரேஷன் கடை, பாங்க், பென்ஷன் ஆபீஸ் எல்லாம் தானே போகிறார், என்னைப் படி இறங்க விடுவதில்லை. ஹாலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறார், தன் குறட்டையால் எனக்குத் தூக்கம் கெடுகிறதாம். எனக்கு அரைக்கீரை ஒத்துக்கொள்கிறது.

உன் ஆத்துக்காரரைக் கேட்டதாகச் சொல்.

கோமளம்

*

தொம்மலூர்
27 ஜூன் 1998

சுப்பு, சௌக்கியம்தானே? மௌரீன் வீட்டுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டேன். தபால் இல்லை என்றாள். மூன்றாவது தடவை உன் அண்ணா பாங்குக்குப் போயிருந்தபோது நானே போனேன், கேக் கொடுத்தாள்.

நான் கேட்டதை மறந்துவிடு என்று எழுதினேனே, அதோடு என்னையும் சேர்த்து மறந்துவிடாதே. கடிதம் போடு. மாமியார் போய்விட்ட இந்த வீட்டில் என் கதையைக் கேட்க நீ ஒருத்திதான்.

அந்தக் கண்ணாடிக் குழாயும் இப்போது போகவில்லை. நுனிகூட.

கோமளம்

*

டொராண்டோ
18 ஜூலை 1998

மன்னிக்கு நமஸ்காரம். முதலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை.

உன் மே மாதக் கடிதத்தை இரண்டு மாதம் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். அண்ணாவுக்குக் குறட்டை கிடையாது. ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்து வளர்ந்தவள் நான். எங்கள் பெரியம்மாவே, இந்தப் பிள்ளை மூச்சு விடுகிறானா என்று மூக்கில் கைவைத்துப் பார்ப்பாள். நீ எழுதாததை அந்த வரியில்தான் படித்தேன். படித்தபிறகும் போகவில்லை. ஜூன் கடிதத்தில் கடைசி வரி வந்ததும் போனேன்.

உல்லன் நூல் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பெண்களே நடத்தும் கடை. இருட்டாக, கம்பளி மூடியிருக்கும் என்று நினைத்தால், கொலு பொம்மைக் கடை மாதிரி வெளிச்சமாக அடுக்கியிருக்கிறார்கள். புடவை மேல் கோட்டும், நெற்றியில் விபூதியுமாக நுழைந்தேன். பச்சைத் தலைமயிர்க்காரி ஒருத்தி வந்து, உங்களுக்கா என்றாள். ஆமாம் என்றேன். என் அண்ணா பெண்டாட்டிக்கு என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

முதலில் அவள் காட்டியதையெல்லாம் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பெரிது பெரிதாக, நரம்பெல்லாம் வைத்து. கரண்டு வைத்த உடம்பு என்று சொன்னதும் அத்தனையையும் ஓரமாகத் தள்ளிவிட்டாள். வலி வாசலிலேயா, உள்ளேயா என்றாள். வறட்சியா, இறுக்கமா என்றாள். எது தொட்டால் பிடிக்கும் என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மன்னி. இத்தனை மாதமாக இத்தனை கடிதத்தில் நான் அதில் ஒன்றைக்கூட உன்னைக் கேட்கவில்லை. என்னைப் பற்றிக் கேட்டிருந்தாலும் பதில் தெரிந்திருக்காது, அது வேறு.

பிறகு இரண்டு பேருமாகத் தேர்ந்தெடுத்தோம். விரல் பருமன்தான், அதைவிடக் கொஞ்சம் நீளம். நுனி உருண்டை. உடம்புக்கு ஆகாத ரப்பர் வேண்டாம், அதில் அழுக்குத் தங்கும் என்று சிலிக்கோன் என்று ஒன்றைக் கொடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவலாம். ஒட்டின விளிம்பு இருந்தால் கீறும் என்று ஒவ்வொன்றாக என் முழங்கையின் உட்பக்கம் தேய்த்துப் பார்க்கச் சொன்னாள். அதிர்வு மிகவும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். ஊதா நிறம். பார்த்தால் எதுபோலவும் இல்லை, அதனாலேயே எடுத்தேன்.

கேட்டுக்கொள். வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக்கொள். கூடவே வைத்திருக்கும் பசையைத் தாராளமாகத் தடவு. முதல் சில நாள் உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். வெளியில் எங்கே சுகமோ அங்கே போதும். உடம்பு தானாக இளகினால் உள்ளே, இல்லாவிட்டால் மறுநாள். வலித்தால் நிறுத்து. ரத்தம் நிறைய வந்தால் டாக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் அது திரும்பவும் கண்ணாடிக் குழாய்தான் என்றாள்.

சீனிவாசராகவன் மாமாவும் மாமியும் இங்கே இருக்கும் பிள்ளை வீட்டிலிருந்து ஆகஸ்டில் பெங்களூர் திரும்புகிறார்கள், அவரிடம் கொடுத்துவிட்டேன். அதில்தான் ஆபத்து வந்தது. பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று ஏர்போர்ட்டில் கேட்பார்களாம், பொய் சொல்லமாட்டாராம். யார் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துத்தான் வைப்பாராம். என் எதிரிலேயே பிரித்தார். இது என்னம்மா என்றார். மன்னிக்குக் கழுத்துவலி என்றேன். பாட்டரி போட்டுத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மாமி, எனக்குக் கொஞ்சம் கொடுங்கோ என்றாள். பிடுங்காத குறையாக வாங்கிப் பெட்டியில் திணித்தேன்.

நீ அவரைப் பார்க்கும்போது கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்.

சுப்பு

*

தொம்மலூர்
14 ஆகஸ்ட் 1998

சுப்புவுக்கு ஆயிரம் ஆசீர்வாதம். பச்சைத் தலைமயிர்க்காரிக்கும் நூறு சேர்த்துக்கொள். உன் கடிதத்தை மௌரீன் வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். அவள், என்ன ஆச்சு, ஆன்ட்டி, என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

சௌக்கியம் விசாரிக்க நேரமில்லை. சேதி மோசம்.

சீனிவாசராகவன் மாமா வந்தார். தனியாக வருவார், கவரைக் கையில் கொடுப்பார் என்று நினைத்த என்னைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். வெளிநாட்டுப் பெட்டி எந்த நாளில் சமையலறையில் திறந்தது? மாமியோடு வந்து ஹால் நடுவில் உட்கார்ந்து, உன் அண்ணா எதிரில், ஒவ்வொன்றாக எடுத்து யார் யாருக்கு என்று ஏலம் போடுகிற மாதிரி வைத்தார். சாக்லேட் வந்தது. ஸ்னேஹாவுக்கு ஸ்வெட்டர் வந்தது. பிறகு அது வந்தது. "சுப்பு ரொம்ப நல்ல சாமான் அனுப்பியிருக்கா, ஸார். கழுத்துக்கு. எனக்கே குணம் தெரிஞ்சுது." சொல்லிக்கொண்டே உன் அண்ணா பின்னால் போய், காலரை இறக்கி, பிடரியில் வைத்து ஓட்டினார்.

இருபத்தெட்டு வருஷம் ஃபைல் மேல் குனிந்த கழுத்து. உன் அண்ணா கண்ணை மூடினார். முகத்தில் ஒரு அமைதி வந்தது பார், பத்ரிநாத் போனபோதுகூட அது வரவில்லை. "ஆஹா," என்றார். நான் காபி கலக்க உள்ளே போய் டிகாக்ஷனை அலம்புத் தொட்டியில் கொட்டினேன்.

அன்றையிலிருந்து சாயங்காலச் செய்தி கேட்கும்போது தினம் அது அவர் கழுத்தில். சந்திரம்மா முழங்காலுக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "சென்னாகிதெ", நன்றாயிருக்கிறது என்று சொல்லி, அவள் தங்கையையும் அழைத்துவந்தாள். பசை டப்பாவைத் திறந்து, வலிக்குத் தடவுகிற களிம்பு என்று மாமி அவர் பிடரியில் பூசிவிட்டுப் போனாள். உபயோகம் முடிந்ததும் துடைத்து, ஃபாரின் சாமான் என்று இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். சாவி அவர் பூணூலில்.

சிரித்துச் சிரித்து எழுதுகிறேன், நடுவில் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். பரிசோதனை அடுத்த மாதம் மூன்றாவது வாரம். நேற்று விரலால் பார்த்தேன். சுண்டுவிரல் கணுவுக்கு மேல் போகவில்லை. டாக்டர் பார்க்க முடியாவிட்டால் மயக்கம் கொடுத்துக் கிழித்துப் பார்க்க வேண்டும் என்கிறாள் மௌரீன். என்னுடைய சாமான் என் வீட்டிலேயே, நாலு தப்படி தள்ளி, பட்டுவேஷ்டிகளோடு இருக்கிறது. அவரிடம் என்ன என்று சொல்லிக் கேட்பேன்?

கோமளம்

*

டொராண்டோ
29 ஆகஸ்ட் 1998

மன்னிக்கு நமஸ்காரம். நீ எழுதினதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று வாங்கி அனுப்பலாம் என்று போனேன். போகும் வழியிலேயே திரும்பிவிட்டேன். அது வந்து சேர அக்டோபர் ஆகும். வந்தாலும் அதே ஹாலில்தான் திறப்பார்கள்.

அண்ணாவிடம் சொல்லிவிடு. கழுத்துக்கு இல்லை என்று சொல். என்ன நினைப்பாரோ என்று நீ பயப்படுகிறாய். நானும் அதற்குத்தான் பயந்தேன், இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அவர் ஏன் ஹாலில் படுக்கிறார் என்று நீ கேட்டதுண்டா? நான் ஒரு தடவை போனில் கேட்க வாயெடுத்தேன். வெயிலாமே என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

என் பெயரைச் சொல்ல வேண்டுமானாலும் சொல்லு. நான்தான் வாங்கினேன் என்று சொல்.

சுப்பு

*

தொம்மலூர்
13 செப்டம்பர் 1998

சுப்புவுக்கு. ஆசீர்வாதம். நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சௌக்கியமா என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனபிறகு, பீரோவைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்தார். நான் சாப்பிட்ட இடத்துக்கு எச்சில் இட்டுவிட்டு வந்து நின்றேன்.

"அது கழுத்துக்கு இல்லை. எனக்கு வந்தது," என்றேன்.

"உனக்கும் கழுத்து வலிக்கறதா? சொல்லவே இல்லையே. இந்தா."

"கழுத்துக்கு இல்லைன்னேன். டாக்டர் சொன்னாரே, அதுக்கு. நீங்க நோட் பண்ணிண்டேளே, அதுக்கு."

உன் அண்ணாவுக்கு ஒரு விஷயம் புரிவது, ஃபைல் மேஜைமேஜையாகப் போவதுபோல. கையிலிருந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை கையைப் பார்த்தார். அணைத்தார். கழுத்துத் துண்டை எடுத்துக் கழுத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அடக்கின சிரிப்பு வேறு விதமாக வெளியே வந்தது. "என்னைப் பாத்தா அருவருப்பா இருக்கா? ஹால்ல படுக்கறேளே, அதுக்கா? நாத்தம் அடிக்கறதா எனக்கு? சொல்லிடுங்கோ, நான் தாங்கிப்பேன்." இத்தனை மாதமாக உனக்குக்கூட எழுதாததை, எச்சில் கையோடு நின்று கேட்டேன்.

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது.

"நான்தான் குடுத்தேன்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் நான் உள்ளே படுத்திருந்தபோது வெளியே ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தாராம். இந்த வியாதி ஆம்பிளைகிட்டேருந்து பொம்மனாட்டிக்கு வரும் ஒரு கிருமியால் வருகிறதென்று. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம், வேறு யாரும் படித்து என்னிடம் சொல்லிவிடக்கூடாது என்று. "என்னாலே வந்ததுன்னு தெரிஞ்சப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுண்டு உன் பக்கத்துல வரது? மறுபடியும் குடுக்கவா?"

சுப்பு, தள்ளி நிற்கிற தெய்வம் என்று உனக்கு எழுதினேனே. அந்த மனுஷன் அத்தனை மாதமும் ஹால் கட்டிலில் குற்றவாளிக்கூண்டில் படுத்திருந்திருக்கிறார்.

கிருமி அவரிடம் எப்படி வந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மாற்றலாகிப் போய் ராய்ச்சூரில் அவர் தனியாக இருந்த வருஷங்கள் ஞாபகம் வந்தன. கேட்கவில்லை. அவர் காத்திருந்தார், நான் கேட்பேன் என்று. அவராகவும் சொல்லவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமானால் நீயும் எழுத வேண்டாம். எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தராசில் எதை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. கோபமும் இருக்கிறது, காபியும் குடிக்கிறேன்.

அவர் எழுந்து போய் அதைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பூஜைப் பாத்திரத்தைப்போலத் துடைத்தார். பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து இரண்டையும் என் தலையணைக்கு அடியில் வைத்தார். அன்றிரவும் ஹாலில்தான் படுத்தார்.

கோமளம்

*

தொம்மலூர்
4 அக்டோபர் 1998

சுப்புவுக்கு மன்னி ஆசீர்வாதம். உனக்கும் வீட்டில் இருப்பவருக்கும் சௌக்கியம்தானே? நீ உனக்கென்று ஏதாவது வாங்கிக்கொண்டாயா என்று கேட்கலாமா? கேட்டுவிட்டேன். எழுத வேண்டாம்.

பரிசோதனை முடிந்தது. பச்சைத் தலைமயிர்க்காரி சொன்னபடி ஒன்பது பத்து நாள் வெளியிலேயே வைத்துக்கொண்டேன். வெந்நீர், பசை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து. ஒரு மத்தியானம் உடம்புக்கு ஞாபகம் வந்தது. கொஞ்சம்தான். யாரோ தூரத்துச் சொந்தக்காரர் கதவைத் தட்டினமாதிரி. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அழுதேன். அதற்குப்பிறகு உள்ளே நுனி போயிற்று. டாக்டர் சின்னக் கருவியை வைத்துச் சிரமப்பட்டுப் பார்த்தார். பார்க்க முடிந்தது. ஒரு இடம் வெளுப்பாக இருக்கிறதென்று கிள்ளி எடுத்து லாபுக்கு அனுப்பியிருக்கிறார். தழும்பாக இருக்கலாம் என்றார். இல்லாமலும் இருக்கலாம் என்று முகம் சொல்லிற்று. இன்னும் பதில் வரவில்லை.

உன் அண்ணா இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தக் கிழித்த பக்கத்தை எடுத்து டாக்டர் முன்னால் வைத்து, இது என்னால் மறுபடியும் இவளுக்கு வருமா என்றார். டாக்டர் படித்துவிட்டு, அந்தக் கிருமி ஊரில் பாதிப்பேருக்கு வந்து போகிறது, யாரிடமிருந்து யாருக்கு என்று கணக்குப் பார்க்க முடியாது, நீங்கள் தொட்டால் வியாதி திரும்பாது என்றார். உன் அண்ணா நோட்டட் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து மறுபடியும் பையிலேயே வைத்துக்கொண்டார். முழுசாக நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

நேற்று மத்தியானம் நான் கதவைச் சாத்தப் போனபோது, பாட்டரி தீர்ந்திருக்கும் என்று சொல்லிப் புதுசு இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு வெளியே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் புரட்டுகிற சத்தம்கூட இல்லை.

"வலிச்சா கூப்பிடு," என்றார், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

வலிக்கவில்லை. கூப்பிட்டேன்.

கோமளம்